வழங்கி எழுதும் விடை



‘சர்வர்’ என்ற சொல்லைக் கேட்டால் நம் தாத்தாக்களுக்கு ஓட்டலில் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, “இரண்டு இட்டலி, ஒரு காப்பி!” என்று உள்ளே குரல் கொடுக்கும் மனிதரே நினைவுக்கு வருவார். 1964ஆம் ஆண்டில் ‘சர்வர் சுந்தரம்’ என்று ஒரு படமே வந்தது. நமக்கோ அச்சொல் ஒரு கணிப்பொறியைக் குறிக்கின்றது. எங்கோ ஓர் அறையில் இரவும் பகலும் விழித்திருந்து, கேட்டவர்க்குக் கேட்ட பக்கத்தை அனுப்பிக்கொண்டிருக்கும் பொறி அது. தமிழில் அதனை ‘வழங்கி’ என்கிறார்கள். நல்ல சொல்தான். (நம் பெங்களூரின் தர்ஷினி ஓட்டல்களில் சர்வரே கிடையாது, சீட்டை நீட்டி நாமேதான் தட்டைத் தூக்கிவர வேண்டும். கணிப்பொறி உலகம் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை.)

வழங்கியிடம் நாம் கேட்பது எப்படி என்பது எல்லாருக்கும் தெரியும். முகவரியைத் தட்டினால் போதும். ஆனால் அது விடையை எவ்வாறு எழுதி அனுப்புகிறது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? நானும் எண்ணிப் பார்த்ததில்லை, ஒரு மாணவர் பஸ்ஸைத் தவறவிடும் வரையில்.

பொங்கலுக்கு ஊர் செல்லும் மாணவர்களுக்காக நம் மன்றம் ஒரு பஸ்ஸை வாடகைக்கு அமர்த்துவது உங்களுக்குத் தெரியும். சென்ற முறை அந்த அறிவிப்பை இணையத்தில் இடும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஈஜிபுராவில் நான் குடியிருக்கும் மாடியறையில் ஒரு பழைய மடிக்கணினியை வழங்கியாக்கினேன். விடை அனுப்பும் நிரலையும் நானே எழுதினேன். நன்கு தேறிய ஆயத்த நிரல்கள் எத்தனையோ உண்டு. எனினும், எதையும் கழற்றிப் பார்த்துத் திரும்பப் பூட்டும் ஆசை இயற்பியல் படிப்பவனை விடுமா? ஆங்கிலத்தில் நாலு வரி எழுதிச் சோதித்தேன், ஒழுங்காக வந்தது. பிறகு தமிழ் அறிவிப்பை ஏற்றி, முதல் நாலு வரி கண்ணுக்குத் தெரிந்ததும் மகிழ்ச்சியோடு தூங்கப் போய்விட்டேன்.

அறிவிப்பின் தொடக்கத்தில் வாழ்த்து. நடுவில் பெயர்ப்பட்டியலும் கட்டணமும். கடைசியில் பஸ் புறப்படும் இடமும் நேரமும்: ஈஜிபுரா சிக்னல், இரவு ஒன்பதரை மணி. பழைய மாணவர்கள் ஒருவருக்கொருவர் வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த முதலாண்டு மாணவர் ஒருவருக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை. போகிக்கு முந்திய நாள் இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

“அண்ணே, பஸ் எத்தனை மணிக்கு, எங்கேருந்துன்னு நோட்டீஸில் போடவே இல்லையே?”

“கடைசி வரியைப் பாருங்க தம்பி.”

“கடைசி வரியா? பாதிப் பேரோட நின்னுபோச்சே அண்ணே!”

பஸ் அதற்குள் ஓசூரை நெருங்கியிருக்கும். அவர் கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல் என்று பஸ் மாறி மாறி, பெரும்பாலும் நின்றுகொண்டே ஊர் போய்ச் சேர்ந்தார். அன்றிரவு நான் தூங்கவில்லை. கடைசி வரி எங்கே போயிற்று என்று தேடியபோது கற்றுக்கொண்டதைத்தான் ஈண்டு எழுதுகிறேன்.

ஒரு விடைக்கு மூன்று உறுப்புகள் உண்டு. முதலில் நிலைவரி. எச்.டி.டி.பி. என்னும் நெறிமுறையின் பதிப்பு எண்ணும், முடிவைக் காட்டும் மூன்றிலக்க எண்ணும் அதில் இருக்கும். 200 என்றால் கேட்டது கிடைத்தது. 404 என்றால் அப்படி ஒன்று இங்கில்லை. 500 என்றால் வழங்கிக்கே ஏதோ கோளாறு. அடுத்து, தலைப்பு வரிகள் சில: வருவது எவ்வகைப் பொருள், எவ்வளவு நீளம், என்று எழுதியது என்பன போன்ற குறிப்புகள். அதன்பின் ஒரு வெற்று வரி. அந்த வெற்று வரியைக் கண்டதும் உலாவி, ‘குறிப்புகள் முடிந்தன, இனி வருவது உண்மையான பக்கம்’ என்று அறிந்துகொள்ளும். மூன்றாவது உறுப்பு அந்தப் பக்கம்.

இந்த வரிசைக்கு ஒரு விளைவு உண்டு. நிலைவரி முதலில் போய்விடுகிறது; போனதைத் திரும்ப அழைக்க முடியாது. ‘200, எல்லாம் சரி’ என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் பாதி எழுதும்போது நிரல் இடறி விழுந்தால், ‘மன்னிக்கவும், 500’ என்று மாற்றிச் சொல்ல வழியில்லை. ஆகவே நல்ல வழங்கிகள் விடையின் தொடக்கத்தைச் சற்று நேரம் தம் நினைவகத்திலேயே வைத்திருந்து, பெரும்பகுதி தயாரான பிறகே வெளியே விடுகின்றன.

இனி நீளத்தின் கதைக்கு வருவோம். 1990ஆம் ஆண்டின் இறுதியில் ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முதல் வழங்கியை இயக்கினார். ‘இந்த இயந்திரம் ஒரு சர்வர், இதன் மின்சாரத்தை நிறுத்தாதீர்’ என்ற கருத்தில் அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள். அன்றைய நெறிமுறை மிக எளியது. கேட்பவர் ஒரே வரியில் கேட்பார். வழங்கி பக்கத்தை அப்படியே அனுப்பும். நிலைவரி இல்லை, தலைப்பு வரி இல்லை. பக்கம் முடிந்தது என்று எப்படித் தெரியும்? வழங்கி இணைப்பைத் துண்டித்துவிடும்! கடைக்காரர் கதவைச் சாத்தினால் வியாபாரம் முடிந்தது என்று பொருள்.

பக்கங்களில் படங்கள் பெருகின. ஒவ்வொரு படத்துக்கும் புதிதாகக் கதவைத் தட்டித் திறந்து சாத்துவது பெருந்தாமதம். 1997 ஜனவரியில் வெளிவந்த எச்.டி.டி.பி. 1.1 பதிப்பு, ‘கதவு திறந்தே இருக்கட்டும், ஒரே இணைப்பில் பல கேள்விகளும் பல விடைகளும் போகட்டும்’ என்பதை வழக்கமாக்கியது. கதவு சாத்தப்படாவிட்டால் ஒரு விடை எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது? அதற்காகத்தான் ‘கன்டென்ட்-லெங்க்த்’ என்னும் தலைப்பு வரி இன்றியமையாததாயிற்று. ‘வெற்று வரிக்குப் பிறகு இத்தனை வரும்’ என்று வழங்கி முன்கூட்டியே வாக்குக் கொடுக்கிறது. உலாவி அதை நம்பி, அத்தனையும் எண்ணிப் பெற்றுக்கொண்டு நிறுத்திவிடுகிறது.

‘இத்தனை’ என்றால் எத்தனை எது? எழுத்தா, சொல்லா, வரியா? இவற்றில் எதுவும் அன்று. பைட்டுகள். எட்டு இருநிலைக் குறிகள் சேர்ந்தது ஒரு பைட்டு. 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணை அதில் வைக்கலாம். கம்பியில் போவது எழுத்தன்று, இந்த எண்களே. வழங்கிக்கும் கம்பிக்கும் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது.

ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு. எழுத்தை எண்ணினாலும் பைட்டை எண்ணினாலும் அங்கே ஒரே விடைதான். நான் ஆங்கிலத்தில் சோதித்தபோது தவறு வெளியே தெரியாமல் பதுங்கிக்கொண்டதற்குக் காரணம் இதுவே.

தமிழுக்கு வருவோம். 1991இல் வெளிவந்த யூனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன: 2944 முதல் 3071 வரை. ‘த’வின் எண் 2980. இவ்வளவு பெரிய எண் ஒரு பைட்டில் அடங்காதன்றோ? அதைப் பைட்டுகளாகப் பிரிக்கும் முறைக்கு யூ.டி.எஃப்-8 என்று பெயர். 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சியின் ஒரு சிற்றுண்டிச்சாலையில், தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் கென் தாம்சன் இதனை வரைந்தார் என்று உடனிருந்த ராப் பைக் எழுதியிருக்கிறார். (உணவு கொண்டுவந்த சர்வருக்கு அந்தக் காகிதத்தின் மதிப்புத் தெரிந்திருக்காது.) அம்முறைப்படி 127 வரையுள்ள எண்ணுக்கு ஒரு பைட்டு, 2047 வரை இரண்டு, 65535 வரை மூன்று. கிரேக்கமும் அரபியும் இரண்டில் முடிந்துவிடுகின்றன. தேவநாகரியின் எண்கள் 2304இல் தொடங்குவதால் அதற்கும், அதற்குப் பின் வரும் வங்காளம், தமிழ், கன்னடம், மலையாளம் ஆகிய எல்லாவற்றுக்கும் மூன்று மூன்று பைட்டு. நம் வகுப்பிலுள்ள கன்னட நண்பர்களுக்கும் நம் கதிதான்.

‘த’ என்பது கம்பியில் 224, 174, 164 என்ற மூன்று எண்களாகப் போகிறது. அதோடு முடியவில்லை. ‘மி’ என்பது நமக்கு ஓர் எழுத்து. யூனிகோடுக்கு ‘ம’ ஒரு குறி, இகர அடையாளம் இன்னொரு குறி. ‘ழ்’ என்பதில் ‘ழ’வும் புள்ளியும் தனித்தனி. ஆகவே ‘தமிழ்’ என்ற சொல் இலக்கண ஆசிரியருக்கு மூன்று எழுத்து. என் நிரலுக்கு ஐந்து குறி. கம்பிக்குப் பதினைந்து பைட்டு. மூவரும் சொல்வது உண்மையே. ஆனால் நீளம் குறிக்குமிடத்தில் கம்பியின் கணக்கு மட்டுமே செல்லும்.

நான் செய்த பிழை இப்போது உங்களுக்கே விளங்கியிருக்கும். அறிவிப்பில் மொத்தம் 2,400 குறிகள். அவற்றுள் 1,900 தமிழ். எஞ்சிய 500 இடைவெளி, எண், பக்க அமைப்புக் கட்டளைகள். பைட்டுக் கணக்கில் 1,900 மும்மடங்காகி 5,700; 500ஐக் கூட்ட 6,200. என் நிரலோ குறிகளை எண்ணி, ‘2,400 வரும்’ என்று வாக்களித்துவிட்டு, 6,200 பைட்டுகளையும் அனுப்பிற்று. உலாவி சொன்ன சொல்லை நம்பி 2,400இல் நிறுத்திக்கொண்டது. அறிவிப்பில் ஐந்தில் இரண்டு பங்குதான் வாசகருக்குக் கிட்டிற்று. மீதி 3,800 பைட்டும் அவர் கைப்பேசி வரையில் போய்ச் சேர்ந்திருந்தும் படிக்கப்படவில்லை! அவற்றை உலாவி அடுத்த விடையின் தொடக்கமோ என்று பார்க்கும். நிலைவரியின் சாயல் இல்லாததால் குப்பையென்று தள்ளிவிட்டு இணைப்பைத் துண்டிக்கும். ஒன்பதரை மணி என்ற வரி அந்தக் குப்பையில்தான் கிடந்தது.

நேர்மாறான பிழையும் உண்டு. 6,200 அனுப்பிவிட்டு 9,000 என்று வாக்களித்தால் என்ன ஆகும்? உலாவி மீதியை எதிர்பார்த்து வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஈஜிபுராவில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. கேந்திரீய சதன் வரை இரண்டரைக் கிலோமீட்டர் என்று அறிவித்து 2017இல் தொடங்கிய மேம்பாலம், 2022இல் ஒப்பந்தம் ரத்தாகி, 2023 இறுதியில் வேலை மறுபடி தொடங்கும் வரை வெறுந்தூண்களாக நின்றதை நாள்தோறும் பார்த்தவர்கள் அவர்கள்.

பழைய தமிழ் எழுத்துருக்களின் காலத்தில் இந்தப் பிழை நேர்ந்தே இராது என்பது ஒரு வேடிக்கை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற டாப், டாம் முறைகளிலும், அதற்கு முன்பே வெளிநாட்டுத் தமிழர் பலர் கூடி உருவாக்கிய டிஸ்கி முறையிலும் ஒரு குறிக்கு ஒரே பைட்டுத்தான். அக்காலத்துத் தொல்லை வேறு. உரிய எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளும் புரியாத குறிகளுமாகக் கொட்டும். அதைவிட மூன்று பைட்டு மேல் என்பதே என் கருத்து. அன்றியும், மும்மடங்கு என்பது பார்வைக்குத்தான். ஒவ்வொரு தமிழ்க் குறியின் முதற்பைட்டும் 224. இரண்டாவது 174 அல்லது 175. இப்படித் திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்கி அனுப்பும் ‘ஜிஜிப்’ முறை உண்டு. பெரும்பாலான வழங்கிகள் அதைக் கையாள்கின்றன. அங்கும் ஒரு பொறி வைத்திருக்கிறது. சுருக்கிய பிறகு உள்ள பைட்டுகளையே நீளமாகச் சொல்ல வேண்டும். சுருக்குவதற்கு முன்பிருந்ததைச் சொன்னால் மேம்பாலக் கதைதான்.

நீளத்தை முன்கூட்டிச் சொல்லவே முடியாத விடைகளும் உண்டு. ஒரு பெரிய தேர்வு முடிவுப் பட்டியலைத் தேடித் தேடி எடுத்து அனுப்பும்போது, முழுவதும் கிடைக்கும் வரை கேட்பவரைக் காக்க வைப்பானேன்? 1.1 பதிப்பு இதற்கு ஒரு வழி வகுத்தது: விடையைத் துண்டு துண்டாக அனுப்பு, ஒவ்வொரு துண்டின் தலையிலும் அதன் நீளத்தை எழுது, எல்லாம் முடிந்ததும் 0 என்று எழுது. பந்தியில் சோற்றைக் குவிக்காமல் கரண்டி கரண்டியாகப் போடுவது போன்றது. இந்தத் துண்டு நீளத்தைப் பதினாறின் அடிமானத்தில் எழுதவேண்டும். ‘வணக்கம்’ என்ற சொல்லை ஒரு துண்டாக அனுப்பினால், ஐந்தெழுத்து, ஏழு குறி, இருபத்தொரு பைட்டு. பதினாறின் அடிமானத்தில் 21 என்பது 15 என்று எழுதப்படும். கணக்கில் புலியானவர்களும் இங்கே ஒருமுறை சறுக்குவார்கள். 2015இல் வந்த இரண்டாம் பதிப்பில் இந்தத் துண்டு முறை நீங்கி, எல்லா விடைகளுமே நீளம் குறித்த சட்டகங்களாகப் போகின்றன. அங்கும் நீளம் பைட்டில்தான்.

சரியான நீளத்தை எழுதிவிட்டோம். இனி விடை வழங்கியை விட்டு எப்படி வெளியேறுகிறது? நிரல் நேரே கம்பியில் எழுதுவதில்லை. கணிப்பொறியின் இயக்க மென்பொருளுக்குள் கெர்னல் என்று ஒரு மையம் உண்டு. நிரல் அதனிடம், ‘இந்த 6,200 பைட்டையும் எழுது’ என்று ஒப்படைக்கிறது. கெர்னல் தன்னிடமுள்ள தொட்டியில் இடமிருக்கும் அளவுக்கே வாங்கிக்கொள்ளும். சில வேளைகளில், ‘4,000 வாங்கிக்கொண்டேன்’ என்று மட்டும் விடை சொல்லும். அந்த எண்ணைக் கவனியாமல் வேலை முடிந்தது என்று எண்ணும் நிரல் மீதி 2,200ஐ இழந்துவிடும். ஆகவே, வாங்கியது எவ்வளவு, மீதி எவ்வளவு என்று பார்த்துப் பார்த்து, தீரும் வரை ஒப்படைத்துக்கொண்டே இருக்கவேண்டும். முழுவதும் வாங்கிக்கொண்டாலும், கேட்டவர் கையில் சேர்ந்துவிட்டது என்று பொருளாகாது. கடிதம் தபால் பெட்டியில் விழுந்திருக்கிறது, அவ்வளவே.

தொட்டியிலிருந்து கெர்னல் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்புகிறது. நம் கல்லூரிகளிலுள்ள ஈதர்நெட் வலையில் ஒரு பொட்டலத்தில் பொதுவாக 1,460 பைட்டு வரை ஏற்றலாம். நம் அறிவிப்புக்கு ஐந்து பொட்டலம் வேண்டும். 1,460ஐ மூன்றால் வகுத்தால் மீதி இரண்டு. எனவே ஒரு தமிழ்க் குறியின் இரண்டு பைட்டு ஒரு பொட்டலத்தின் வாலிலும் மூன்றாவது பைட்டு அடுத்ததன் தலையிலும் போவது அன்றாட நிகழ்ச்சி. பெறும் நிரல் ஒவ்வொரு பொட்டலத்தையும் தனித்தனியே எழுத்தாக்க முயன்றால், சேருமிடத்தில் கேள்விக்குறி பொறித்த கறுப்புச் சாய்சதுரங்கள் முளைக்கும். தமிழ்ச் செய்திகளின் நடுவே அச்சின்னத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். எழுத்தை அறுத்துவிட்டு ஒட்டாமல் விட்டவர்களின் கைவண்ணம் அது.

ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ‘வந்து சேர்ந்தது’ என்ற ஒப்புதல் திரும்பி வரவேண்டும். வராவிட்டால் கெர்னல் மீண்டும் அனுப்பும். ஓசூர் சாலையில் போகும் பஸ்ஸில், அலைவரிசை விட்டுவிட்டு வரும் கைப்பேசியில் ஒருவர் பக்கத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு மெள்ள மெள்ளத்தான் போகும். அதுவரை தொட்டி காலியாகாது. தொட்டி காலியாகும் வரை நிரல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். பழைய முறையில் ஒவ்வொரு கேட்பவருக்கும் ஒரு தனி ஆள் என்று வழங்கி ஒதுக்கிவைத்தது. ஆயிரம் மந்தமான இணைப்புகள் வந்தால் ஆயிரம் ஆட்கள் சும்மா நிற்பார்கள். 1999இல் டான் கெகல் என்பவர், ஒரே கணிப்பொறி பத்தாயிரம் பேருக்கு ஒரே சமயத்தில் பரிமாற முடியாதா என்று கேட்டுப் பல வழிகளைத் தொகுத்தெழுதினார். ரஷியாவைச் சேர்ந்த இகோர் சிசோயேவ் 2004இல் வெளியிட்ட என்ஜின்-எக்ஸ் வழங்கி அதற்கு ஒரு சிறந்த விடை. நல்ல ஓட்டல் சர்வர் ஒரு மேசையருகே நின்று, அவர் தின்று முடிக்கட்டும் என்று காத்திருப்பாரா? யாருக்கு இலை காலியாகிறதோ அவரிடம் போவார். கெர்னலும் ‘இன்னாருடைய தொட்டியில் இடம் விழுந்திருக்கிறது’ என்று சொல்லும். வழங்கி அவருக்கு ஒரு கரண்டி போட்டுவிட்டு அடுத்தவரிடம் போகும்.

இடையிலே கேட்பவர் எழுந்து போய்விடுவதும் உண்டு. பஸ் சுரங்கத்தில் நுழையும், பக்கத்தை மூடிவிடுவார், கைப்பேசி அணைந்துபோகும். அப்போது எழுத முயலும் நிரலுக்குக் கெர்னல் ‘குழாய் உடைந்தது’ என்ற பிழையைத் தரும். அதனை எதிர்பாராத நிரல் அங்கேயே உயிரை விட்டுவிடும். ஒருவர் எழுந்து போனதற்காக ஓட்டலையே மூடுவது போல. என் நிரல் இரண்டு முறை அப்படி மூடிற்று என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நீளப் பிழையைத் திருத்த ஒரே வரி போதுமாயிருந்தது. பக்கத்தை முதலில் பைட்டுகளாக மாற்றிக்கொண்டு, அதன் பிறகு எண்ணவேண்டும். நான் எண்ணிவிட்டு மாற்றியிருந்தேன். பொங்கல் விடுமுறை முடிந்து அந்த முதலாண்டு மாணவர் திரும்பியதும் ஈஜிபுராவுக்கு அழைத்துவந்து, காப்பி வாங்கிக் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, நிரலைக் காட்டச் சொன்னார். இரண்டு பேரும் மடிக்கணினியின் முன் உட்கார்ந்தோம். சோதனைக்கு ஏதாவது தட்டுங்கள் என்றேன். தம் ஊர்ப்பெயரைத் தட்டினார்: ஸ்ரீரங்கம். கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடுக்குப் பத்துக் குறி. வழங்கி முப்பது என்று எழுதிற்று.